ஏழாம் வீட்டு அழைப்புமணி

ஏழு வருடம் குலுக்கலில் என் பெயர் விழவில்லை.
எட்டாம் வருடம் விழுந்தது:
கழுதைக்காது மான், ஆண், ஒன்று.
வில் மட்டும்.
இடம் கல்கரிக்கு மேற்கே,
நகரம் மலையைப் பார்த்தபடி
இன்னும் வீடு கட்டிக்கொண்டிருக்கும் பக்கம்.

அங்கே காடென்று ஒன்றும் இல்லை.
இரண்டு ஏக்கர், நாலு ஏக்கர் வளவுகள்,
மூன்று கார் நிற்கும் கொட்டகைகள்,
குதிரை இல்லாத லாயங்கள்.
மான் யார் வீட்டு ரோஜாவையும் கேளாமல் தின்னும்.
நான்தான் புல்லில் கால் வைக்க
ஒரு கையெழுத்துக் கேட்கவேண்டும்.

செப்டம்பர் முழுக்கக் கதவு தட்டினேன்,
சப்பாத்தைத் துடைத்து, தொப்பியைக் கழற்றி,
வில்லைக் காரிலேயே விட்டு.
இயேசுவைப் பற்றியா என்றார் ஒருவர்.
சோலார் தகடு போட்டாயிற்று என்றார் இன்னொருவர்.
மானைப் பற்றி என்றதும்
இரண்டு பேருமே என் கைகளைப் பார்த்தார்கள்.

நாலாம் வீட்டு டுவெய்ன் பென்னர்
மரக்கடைப் பற்றுச்சீட்டின் முதுகில்
‘வேண்டிய மட்டும் கொண்டுபோ’ என்று எழுதித் தந்தார்.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
அனுமதித் தாளை நெஞ்சோடு வைத்து நடப்பது
எனக்குப் புதிதல்ல.
அப்போது துவக்கு மற்றப் பக்கம் இருந்தது.

ஏழாம் வீட்டில் ஆளில்லை.
அழைப்புமணிதான் பேசியது,
அரிசோனாவிலிருந்து ஒரு பெண்குரலில்:
“முடியாது. அவன் பெயர் வால்டர்.”

நவம்பரில் பதினொரு மாலைகள்
பென்னரின் வைக்கோல் உருளைக்குப் பின்னால்.
பாடசாலை பஸ் வந்து திரும்பும்.
யாரோ பூண்டு வதக்குவார்கள்.
தூரமானியால் ஒவ்வொரு ஜன்னலாக அளப்பேன்.
கடைசியில் அம்பு போகலாம் என்று மிஞ்சியது
ஒரு பாய் அகல வெளி.

பன்னிரண்டாம் நாள் அதற்குள் வந்து நின்றது.
முதலில் காது, பிறகு கொம்பு,
தன் வீட்டுக் குசினிக்குள் வருவதுபோல
அப்படி ஒரு சாவகாசம்.

விட்டேன்.
ஈரத்துணியை உதறிய சத்தம்.
நாலு காலும் ஒன்றாய் எழ
ஒரு துள்ளல், இன்னொன்று,
மூன்றாவதில் வேலிக்கு அப்பால்.
ஏழாம் வீட்டுப் புல்லில்,
ஹாலோவீனுக்கு வெட்டி அழுகிய பூசணிக்குப் பக்கத்தில்
மடங்கிப் படுத்தது.

கம்பியருகே நின்றேன்.
இந்தப் பக்கம் என் தாள்.
அந்தப் பக்கம் என் மான்.
என் என்று சொல்லிவிட்டேன், பாருங்கள்.

கம்பி இடுப்பளவுதான்.
வீதியால் சுற்றிப் போனேன்.
போத்தல் தண்ணீரில் கை கழுவினேன்,
அம்பைத் தொட்டதைத் தவிர
அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும்.
மணியை அழுத்தினேன்.

“தெரியும்,” என்றது குரல்.
“பின்பக்கக் கமெராவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
இன்னும் மூச்சு இருக்கிறது. கிட்டப் போகாதே.”
அவருடைய பக்கம் யாரோ நீச்சல்குளத்தில் குதித்தார்கள்.
என் பக்கம் பனி தூறத் தொடங்கியது.
இருவரும் காத்திருந்தோம்.

பிறகு கேட்டார்:
“வால்டருக்கு இடது காது கிழிந்திருக்கும்.
இங்கிருந்து தெரியவில்லை.
போய்ப் பார்த்துச் சொல்.”

இடது காது நிலத்தோடு கிடந்தது.
கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பினேன்.
காது இளஞ்சூடாய் இருந்தது,
என் உள்ளங்கையைவிடப் பெரிது.
ஓரத்தில் விரலை வைத்து
அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தேன்.
கூரைவிளிம்பில் சின்னச் சிவப்புவெளிச்சம்.
அதைப் பார்த்துச் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பது
அந்தக் கமெராவில் இருக்கும்.

நெடுநேரம் பதில் இல்லை.
பிறகு, “போகும்போது கேற்றைச் சாத்து.
அந்தப் பூசணியையும் எடுத்துக்கொண்டு போ.”

எடுத்தேன்.
பாதி தின்றிருந்தது.